வீட்டோடு மாப்பிள்ளை கணக்கு

பி.காம்.மில் ‘பிராஞ்ச் அக்கவுண்ட்ஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. கிளை ஆபீஸ் தனியாகப் புத்தகம் வைத்திருந்தால், ஹெட் ஆபீஸ் பேரேட்டில் அதற்கு ஒரே ஒரு கணக்குதான். மதுரைக் கிளையில் எத்தனை டீ வாங்கினார்கள், எந்த நாற்காலிக்குக் கால் ஒடிந்தது என்பதெல்லாம் மதுரைப் புத்தகத்தைப் புரட்டினால்தான் தெரியும். இதைப் படித்துப் பாஸ் செய்தவன் எவனும் கீழே சொல்லப்போகும் விபத்தில் மாட்டியிருக்க மாட்டான். என்ன செய்வது, கம்ப்யூட்டர் வேலைக்கு எஞ்சினீயர்களைத்தானே எடுக்கிறார்கள்!

புரோகிராம் எழுதும் ஆபீஸ்களில் ‘கிட்’ என்று ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உருவாக்கியது. (அதுவரை லினக்ஸ்காரர்கள் ‘பிட்கீப்பர்’ என்ற கம்பெனிச் சரக்கை ஓசியில் உபயோகித்து வந்தார்கள். ஓசி நின்றது, கிட் பிறந்தது.) யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று அத்தனையையும் பேரேட்டில் ஏற்றிவிடுவார். எடிட்டரில் ‘ரிவ்யூ’வைத் திறந்தால் எடுத்த வரி சிவப்பில், சேர்த்த வரி பச்சையில். சீனியர் பார்த்து ‘ஓகே’ போட்டால்தான் சரக்கு உள்ளே போகும்.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு குணம். அடுத்தவர் பேரேட்டைத் தொடமாட்டார். வெளியார் எழுதிய புரோகிராமைக் கிட் மூலமாக இறக்கி, நம் ஃபோல்டருக்குள் வைக்கிறோம் என்று வையுங்கள். அதன் பேரேடும் கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டராகக் கூடவே வந்துவிடும். சொந்த ரேஷன் கார்டோடு வந்து இறங்கிய வீட்டோடு மாப்பிள்ளை! பெரியவர் கார்டில் மாப்பிள்ளை பேர் ஏறாது. ‘உள்ளே ஒருத்தர் இருக்கார், அவர் நம்பர் இது’ என்று 40 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி மட்டும் எழுதி வைப்பார். மாப்பிள்ளை உள்ளே ஒரு வரி மாற்றினாலும் சரி, அரண்மனையே கட்டினாலும் சரி, வெளியே நம்பர் மட்டும்தான் மாறும்.

என் மச்சினன் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்பெனியில் சீனியர். அவனுக்குக் கீழே ஒரு பையன், புரொபேஷனில் இருப்பவன். மூன்று வாரமாக பில்லிங் வேலை. ரிவ்யூவைத் திறந்தால் சிவப்பில் ஒரு நம்பர், பச்சையில் ஒரு நம்பர். அதை க்ளிக் செய்தால் ‘இது ஃபைல் அல்ல, ஃபோல்டர்’ என்று எடிட்டர் கையை விரித்துவிட்டது.

“மூணு வாரத்துல ஒரே ஒரு வரி அத்தான்! சம்பளம் மட்டும் முழுசா வாங்கறான்” என்றான் என்னிடம். புரொபேஷன் ஃபாரத்தில் ‘திருப்தி இல்லை’ என்று டிக் அடித்து அனுப்பியும் விட்டான்.

பையனோ, “ஸார், ரெண்டாயிரம் வரிக்கு மேல எழுதியிருக்கேன் ஸார்” என்று அழாத குறை. அவன் லாப்டாப்பில் திறந்து காட்டினால் திரை முழுக்கப் பச்சை வயல். மச்சினன் மெஷினில் ஒரு வரி. இரண்டு பேரும் சொன்னது சத்தியம். பையன் பார்த்தது மாப்பிள்ளை பேரேடு. இவன் பார்த்தது பெரியவர் பேரேடு.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் டெஸ்டிங் பெண் சர்வரிலிருந்து இறக்கிப் பார்த்தாள். பில்லிங் ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே காலி! காரணம் லேசானது. சர்வருக்குப் போனது நம்பர் மட்டுமே. உள் பேரேட்டுக்கு எழுதியிருந்த முகவரி அந்த வெளியாருடையது. பையனுக்கு அங்கே அனுப்ப அனுமதி கிடையாது. ஆக, மூன்று வார உழைப்பு உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது, அவன் லாப்டாப்பில். அந்த லாப்டாப்பையோ வெள்ளிக்கிழமை காலை வாங்கி, சுத்தமாகத் துடைத்துவிட்டு, வேறு ஒன்று தருவதாக ஏற்பாடு!

கிட்டைக் குறை சொல்வதற்கில்லை. கறுப்புத் திரையில் டைப் அடித்துச் சேர்த்தால், ‘உள்ளே இன்னொரு பேரேடு இருக்கிறது ஐயா’ என்று எச்சரிக்கத்தான் செய்கிறது. பையன் எடிட்டரில் கூட்டல் குறியை அமுக்கிவிட்டுப் போய்விட்டான். எச்சரிக்கை கண்ணில் படவே இல்லை. முறைப்படி ‘சப்மாட்யூல்’ என்று பதிவு செய்தால் முகவரியாவது நிலைக்கும். அப்போதும் ரிவ்யூவில் வழக்கமாக வருவது நம்பர்தான். உள் வரிகளைக் காட்டு என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ராத்திரி பத்து மணிக்கு வைத்தியம் பார்த்தார்கள். முதலில் ஃபோல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்கில் காப்பி. பிறகு வெளிப் பேரேட்டிலிருந்து அந்த நம்பரை நீக்கி, மாப்பிள்ளையின் ரேஷன் கார்டைக் கிழித்து, மறுபடி சேர்த்தார்கள். ரிவ்யூவில் 2,140 வரி பச்சையாக வந்து கொட்டியது.

ஃபாரம்? ‘சமர்ப்பித்த பின் திருத்த இயலாது’ என்றதாம் பர்சனல் டிபார்ட்மெண்ட் சாஃப்ட்வேர். மச்சினன் மூன்று முறை மாடி ஏறி இறங்கினான். பையனுக்கு கன்ஃபர்மேஷன் ஆர்டர் ஒரு மாதம் தள்ளித்தான் வந்தது.

2,140 வரியில் மச்சினன் இதுவரை படித்திருப்பது 900.