பரீட்சை எழுதுவது பிள்ளையா, மின்சாரமா?

2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் எமது பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் இணையவழிக்கு மாறின. பல்கலைக்கழகக் கற்றல் தளங்களைக் கட்டணமின்றிப் பார்க்கத் தொலைபேசி நிறுவனங்கள் வழிவிட்டன. நல்ல உதவிதான். ஆனால் அலைவரிசையே எட்டாத கிராமத்துக்கு இலவசம் எதற்கு? 2021இல் பதுளை மாவட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகள் படிப்பதற்காக மலைப்பாறையில் ஏறினார்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது.

இன்று மண்டபப் பரீட்சைகள் திரும்பிவிட்டன. ஆயினும் ஒப்படைகளும் தொடர் மதிப்பீடுகளும் இன்னும் இணையத்தில் நடைபெறுகின்றன. "பிள்ளையிடம் கைத்தொலைபேசி இருக்கிறதே" என்று நாம் ஆறுதலடைகிறோம். விதைநெல் மட்டும் இருந்தால் விளையுமா? நிலம் பண்படவேண்டும், வாய்க்காலில் நீர் வரவேண்டும். காணொளி பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு, விடைத்தாளைப் படமெடுத்து ஒரே கோப்பாக்கி, குறித்த நேரத்துக்குள் அனுப்பத் தெரியாமலிருக்கலாம். அதைப் பழக்கவேண்டும். பார்த்தெழுதாத நேர்மையையும் வளர்க்கவேண்டும்.

இடம்பெயர்ந்து வாழும் பெற்றோரே, நகையை அடகு வைத்து மடிக்கணினி வாங்குமுன் கூடிப் பேசுங்கள். பங்கு மண்டபத்திலோ வாசிகசாலையிலோ சூரியமின்கலமும் இணைய இணைப்பும் கொண்ட ஓர் அறையை ஊரே சேர்ந்து அமைக்கலாம். இணைப்பு அறுந்த மாணவருக்கு, புள்ளி குறைக்காமல் மறுதவணை வழங்கும்படி பல்கலைக்கழகத்தைப் பரீட்சைக்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள். இது சலுகையல்ல, நீதி. சோதிக்கப்படவேண்டியது பிள்ளையின் அறிவு, அவன் குடியிருக்கும் கொட்டிலின் மின்சாரமல்ல.