கொல்லையில் நாட்டு மரம், வயலுக்குக் காவல்

கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடி சென்று, அங்கிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் போனால் வடுவூர் ஏரி. 1999-ம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வேரி, 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. மேட்டூர்த் தண்ணீரிலும் மழையிலும் ஏரி நிரம்பியதும் நாரைகளும் வாத்துகளும் வந்து தங்குகின்றன. இது மாவட்டத்துக்கே பெருமை.

ஆனால் சிறு விவசாயியின் வயலுக்கு அன்றாடம் வேலை செய்யும் பறவைகள் வேறு. கரிச்சான், மைனா, கொண்டலாத்தி, செம்போத்து, தவிட்டுக்குருவி, கூகை ஆகியவை வீட்டுக் கொல்லையை நம்பி வாழ்பவை. அவற்றுக்குச் சரணாலயம் அமைக்க அரசாணை தேவையில்லை. நாலைந்து நாட்டு மரங்களும் ஓர் உயிர்வேலியும் போதும். அதைத்தான் நாம் இழந்து வருகிறோம்.

கிளுவை வேலி இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் எழும்புகிறது. கொல்லைக்குச் சிமெண்டுத் தளம் போடப்படுகிறது. பனை வெட்டுண்டு சூளைக்குப் போயிற்று. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் மீதமிருந்த மரங்களிலும் ஏராளமானவற்றைச் சாய்த்தது. அதன் பின்னர் நட்டவற்றில் அழகுக்காக வைத்த அயல்நாட்டுச் செடிகளும் உண்டு. அவை பச்சையாக நிற்கும். ஆனால் பறவைக்கு அங்கே இரை குறைவு.

காரணம் எளிது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு, பூச்சியைத்தான் ஊட்டுகிறது. நம் மண்ணில் காலங்காலமாக வளர்ந்த மரத்தில்தான் நம் பூச்சிகள் நிறைய வாழும். அதனால் பயிருக்குக் கெடுதல் வருமோ என அஞ்ச வேண்டாம். புங்க இலையைத் தின்னும் புழு நெல்லைத் தேடி வருவதில்லை. அந்தப் புழுவுக்காகக் கொல்லைக்கு வந்து கூடு கட்டும் பறவைதான் வயலில் இறங்கி வெட்டுக்கிளியையும் இலைச்சுருட்டுப் புழுவையும் பொறுக்குகிறது. கரிச்சான் பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறது. மைனா ஏர் ஓடும்போது பின்னாலேயே வந்து மண்புழுவோடு கூட்டுப்புழுவையும் கொத்துகிறது. கூகை இரவில் எலி பிடிக்கிறது.

தானியம் போகாதா?

போகும். மறைப்பதற்கில்லை. பால் பிடிக்கும் பருவத்தில் சில்லையும் கிளியும் கதிரில் விழும். அந்தச் சில வாரங்களுக்குக் காவலும் மினுமினுப்பு நாடாவும் தேவைதான். ஆனால் அந்த நஷ்டத்தை மட்டும் கணக்கில் எழுதி, ஆண்டு முழுவதும் கிடைத்த லாபத்தை எழுதாமல் விடுவது சரியான கணக்காகாது. சீனாவில் 1958-ல் தானியம் தின்கிறது என்று சிட்டுக்குருவிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள். பூச்சிகள் பெருகின. 1960-ல் கொல்லும் பட்டியலிலிருந்து குருவியின் பெயரை நீக்கினார்கள். அந்தப் பாடம் நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

பறவை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. புகையான் தூரில் பெருகிவிட்டால் கரிச்சான் வந்து காப்பாற்றாது. அதற்கு வயலை ஆறப்போட்டு, தழைச்சத்தை அளவோடு இடுவதுதான் வழி. ஆனாலும் மருந்துச் செலவில் ஒரு தெளிப்பு குறைந்தாலே சிறு விவசாயிக்கு அது பெரிய மிச்சம்.

எதை நடலாம்?

வேலிக்குக் கிளுவை, பூவரசு, கல்யாண முருங்கை. மூன்றும் போத்து நட்டாலே துளிர்க்கும். கல்யாண முருங்கைப் பூவில் தேன்சிட்டும் மைனாவும் தேன் குடிக்கும். தழையை ஆடு தின்னும். இடையிடையே நொச்சியும் ஆடாதொடையும் வைக்கலாம். ஆடு இவற்றைக் கடிக்காது. உள்ளே வேம்பு, புங்கன், நுணா, இடமிருந்தால் அத்தி, நாவல். வேம்பு, புங்கன் தழை நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் உரமாகும். பொட்டல் மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் பனங்கொட்டை ஊன்றலாம். மரத்தைக் கொல்லையில் வையுங்கள். குறுகிய வரப்பில் வைத்தால் நிழல் விழுந்து நெல் சாவியாகும்.

வயலில் தென்னை மட்டைகளைத் தலைகீழாக ஊன்றினால் பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் வந்து உட்காரும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து போதும். பால் பிடிக்கத் தொடங்கியதும் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதிர் தின்னும் குருவிக்கு அதுவே வசதியாகிவிடும்.

விஷமும் வீண் பயமும்

இரண்டு வழக்கங்களைக் கைவிட்டாக வேண்டும். ஒன்று, எலிக்கு விஷம் வைத்துவிட்டுச் செத்த எலியை வரப்பிலேயே விட்டுவிடுவது. அதைத் தின்னும் கூகையும் சாகலாம். ஒரு கூகை செத்தால் அது பிடித்திருக்கக்கூடிய எலிகள் அத்தனையும் நமக்கே மிச்சம். செத்த எலியைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். மற்றொன்று, கூகை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிவது. கூகையால் வீட்டில் எந்தச் சாவும் நேராது. சாவது எலிதான்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என 2021-ல் தமிழக அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் சட்டம் நின்ற மரத்தைத்தான் காக்கும். புது மரத்தை நட வேண்டியது நாம். ஊராட்சிகள் சாலையோரத்துக்கு மரம் வாங்கும்போது நாட்டு மரக் கன்றுகளையே கேட்டு வாங்க வேண்டும். விவசாயிகள் இந்த ஐப்பசி மழைக்குள் வேலியில் பத்துப் போத்தும், கொல்லையில் ஒரு வேம்பும் ஒரு புங்கனும் நட்டுவிட வேண்டும். கூலி கேட்காத காவலாளுக்குத் தங்க இடம் கொடுப்பது தருமம் மட்டுமல்ல, விவசாயமும்தான்.