வானொலியும் சர்க்கார் பணமும்

சிறுபத்திரிகைக்காரர்களிடம் வானொலியைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுளிப்பார்கள். அது சர்க்கார் சமாசாரம். சர்க்கார் பணத்தில் நடக்கிற எதுவும் கலாசாரமாக இருக்க முடியாது என்பது நம்மிடையே கேள்வி கேட்கப்படாத ஒரு நம்பிக்கையாக இறுகிப் போயிருக்கிறது. கைக்காசைப் போட்டு முந்நூறு பிரதி அச்சடித்து, தானே தபால் தலை ஒட்டி அனுப்புகிறவனுக்கு இந்தக் கர்வம் இருப்பதில் தப்பில்லை. எனக்கும் உண்டு. ஆனால் சமீபத்தில் நண்பர் ஒருவர், நன்றாகப் படிக்கிறவர், “ஆகாசவாணிக்கு என் வரிப்பணம் எதற்கு? கேட்கிறவன் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் மூடட்டும்” என்றார். அந்தக் கர்வம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று அப்போதுதான் உறைத்தது. விளம்பரக் கம்பெனிக்காரனும் இதையேதான் சொல்கிறான். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால், இருவரில் ஒருவர் யோசிக்காமல் சொல்கிறார் என்று அர்த்தம். விளம்பரக்காரன் யோசித்துத்தான் சொல்வான்.

கேட்கிறவன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். எங்கள் வீட்டில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு 15 ரூபாய். அப்பா தபாலாபீசில் கட்டி முத்திரை வாங்கிக்கொண்டு வருவார். கச்சேரியில் பல்லவி சூடுபிடிக்கிற நேரத்தில் வெட்டிவிட்டுச் செய்திக்குப் போனால், “15 ரூபாய் வாங்குகிறான், ஒரு பல்லவியை முடிக்க விடமாட்டேன் என்கிறான்” என்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பில் ஒரு பாத்தியதை இருந்தது. 1980களின் நடுவில் லைசென்ஸை ரத்து செய்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், அப்பாவுக்கும்தான். 15 ரூபாயோடு சேர்ந்து எதைக் கைவிட்டோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றுமுதல் வானொலிக்குப் பணம் ‘அவர்கள்’ கொடுப்பது என்றாயிற்று. அது நம் பணம்தான். ஆனால் கைமாறுகிற வழியில் அது தன் சொந்தக்காரனை மறந்துவிட்டது.

சந்தையிடம் விட்டுவிடலாம் என்கிறவர்களுக்குப் பழைய கதை ஒன்றை ஞாபகப்படுத்தவேண்டும். இந்தியாவில் ஒழுங்கான ஒலிபரப்பு தனியார் கையில்தான் ஆரம்பித்தது. 1927 ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் நிலையம் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. 1930இல் திவாலாயிற்று, வெள்ளைக்கார சர்க்கார் எடுத்துக்கொண்டது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் வந்தது அந்த சர்க்கார் பணத்தில்தான்.

அந்தப் பணம் என்ன செய்தது என்று கேட்டால், நாம் ஒப்புக்கொள்ள விரும்புவதைவிட அதிகமே செய்திருக்கிறது. கோயில் மானியமும் மிராசுதார் கல்யாணமும் வற்றிப்போன காலத்தில் நாகஸ்வரக்காரனுக்கு ஒரு கச்சேரிக்கான காசையும், அவனைப் பார்த்தேயிராத ஜனங்களையும் கொடுத்தது வானொலி. ஆடிஷன் என்ற பேரில் பெரிய வித்வான்களை அவமதித்தார்கள் என்ற புகார் 1950களில் எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஆடிஷனுக்குப் போக ஓர் இடமாவது இருந்தது. தி. ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுக் கல்வி ஒலிபரப்புக்குத்தான் போனார். அகிலனுக்கும் சென்னை நிலையத்தில் வேலை இருந்தது. இவர்களில் யாருடைய எழுத்து தேறும், யாருடையது தேறாது என்பது வேறு விவகாரம், அதை இங்கே இழுக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் திருச்சி நிலையத்தின் வேளாண்மை நிகழ்ச்சியைக் கேட்டுத் தஞ்சாவூர் ஜில்லாவில் ஏ.டி.டி. 27 என்ற நெல்லைப் பயிரிட்டார்கள். அதற்கு விவசாயிகள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. எந்த விளம்பரதாரன் இதற்குக் காசு கொடுத்திருப்பான்?

அதே பணம் செய்த அநியாயங்களும் தெரியும். 1952இலிருந்து பத்து வருஷம் மந்திரியாக இருந்த கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து விரட்டினார். ஜனங்கள் திருந்தவில்லை, முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால் அதுவும் சர்க்கார் வானொலிதான். அங்கே விளம்பரம் வாங்கினார்கள், இந்தியக் கம்பெனிகளின் பணம் கொழும்புக்குப் போயிற்று. 1957இல் விவித் பாரதி என்று ஒன்றை ஆரம்பித்து அசடு வழிந்ததோடு கேஸ்கரின் சங்கீத சுத்தம் முடிந்தது. இது ரசனையின் சர்வாதிகாரம், சிரித்துவிட்டுப் போகலாம். நெருக்கடி நிலையில் நடந்தது சிரிக்கிற விஷயமல்ல. காங்கிரஸ் நிகழ்ச்சிக்குப் பாட வரவில்லை என்பதற்காக 1976இல் கிஷோர் குமாரின் பாட்டுகளையே வானொலியில் நிறுத்திவைத்தார்கள். ஒரு பாட்டுக்காரனுக்கே இந்த கதி என்றால் செய்தியின் கதியைச் சொல்லவேண்டியதில்லை.

1984 அக்டோபர் 31ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரதம மந்திரியைக் காலையில் சுட்டார்கள். ஆகாசவாணி மரணத்தை அறிவித்தபோது சாயங்காலமாகிவிட்டது. பி.பி.சி. அதற்கு முன்பே சொல்லிவிட்டது. அன்று வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த மகன், ஆளும் கட்சியின் பொதுச் செயலாளர், தன் தாய்க்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள டிரான்சிஸ்டரில் தேடியது டில்லியை அல்ல, லண்டனை. தாங்கள் ஊட்டி வளர்த்த வானொலியைத் தாங்களே நம்பாத நிலை.

இந்த இடத்தில்தான் நண்பர் துள்ளி எழுந்து, “பார்த்தீர்களா, சர்க்கார் பணம் தொட்டால் இப்படித்தான்” என்பார். அவசரம் வேண்டாம். ராஜீவ் காந்தி கேட்ட அந்த லண்டன் ஒலிபரப்பு யார் பணத்தில் நடந்தது? பிரிட்டிஷ் வெளிவிவகார இலாகாவின் மானியத்தில். 2014 வரை அதுதான் ஏற்பாடு. 1941இல் ஆரம்பித்து 2017இல் ஒலிபரப்பை நிறுத்திய தமிழோசையும் அதே பணத்தில் வளர்ந்ததுதான். யுத்த காலத்தில் பாட்டரி தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் டைனமோவைச் சுற்ற மற்றவர்கள் ரேடியோ கேட்டார்கள். அப்படிக் கை வலிக்கச் சுற்றியவர்களுக்கு அது அந்நிய சர்க்கார் காசு என்பது தெரியாதா? தெரியும். கொழும்பு சொல்வது ஒன்று, இயக்கத்தின் வானொலி சொல்வது ஒன்று, இவற்றுக்கு நடுவே ஒத்துப் பார்க்க ஒரு குரல் வேண்டியிருந்தது. லண்டனை நான் தெய்வமாக்கவில்லை, அதற்கும் சொந்த நலன்கள் உண்டு. ஆனால் சர்க்கார் பணம் என்பதே விஷம் என்றால் டில்லியும் லண்டனும் ஒரே மாதிரி கெட்டிருக்கவேண்டும். கெடவில்லை. அங்கே மானியம் கொடுக்கிற மந்திரி செய்தி அறைக்குள் போக முடியாமல் ஒரு சுவர் இருந்தது. இங்கே செய்தி அறையே மந்திரியின் இலாகாவுக்குள் இருந்தது.

அந்தச் சுவரை எழுப்பவேண்டும் என்று நம் நாட்டில் யாரும் சொல்லாமல் இல்லை. 1966இல் சந்தா குழு சொல்லிற்று. 1978இல் வர்கீஸ் குழு இன்னும் தெளிவாக, ஆகாஷ் பாரதி என்ற பெயரில் சுதந்திரமான ஒரு தேசிய அறக்கட்டளை வேண்டும் என்றது. 1990இல் சட்டம் வந்து, ஏழு வருஷம் உறங்கி, 1997இல் பிரசார் பாரதி பிறந்தது. சட்டத்தைப் படித்தால் பிறவியிலேயே உள்ள ஊனம் தெரியும். 17ஆவது பிரிவின்படி மானியம் வருஷாவருஷம் மத்திய சர்க்கார் கையிலிருந்து வரவேண்டும். 23ஆவது பிரிவின்படி இதை ஒலிபரப்பு, இதை ஒலிபரப்பாதே என்று அதே சர்க்கார் உத்தரவு போடலாம், தேசப் பாதுகாப்பு, பொது அமைதி என்று காரணம் சொன்னால் போதும். ஒரு கையில் சோறு, மறு கையில் பிரம்பு. இப்படி ஒன்றை உண்டாக்கிவிட்டு அதற்கு தன்னாட்சி என்று பெயர் வைக்க நம் பாராளுமன்றத்தால்தான் முடியும். இதில் கட்சி பேதம் கிடையாது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது சுவர் கேட்பவர்கள், உள்ளே நுழைந்ததும் சுவர் எதற்கு என்பார்கள்.

சர்க்கார் விலகிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து, சர்க்காருக்கும் தனியுரிமை இல்லை, பணக்காரனுக்கும் இல்லை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். 1993இல் வந்த சன் தொலைக்காட்சி வெகுகாலம் ஒரு கட்சியின் தலைமையகத்திலிருந்தே நடந்தது. 1999இல் ஜெயா, 2007இல் கலைஞர். ஒரே பொதுக்கூட்டம் ஒன்றில் கடலாகவும் இன்னொன்றில் காலி நாற்காலியாகவும் காட்டப்படும் விந்தையை நாம் தினமும் பார்த்துப் பழகிவிட்டோம். தனியார் பண்பலையோ, சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு பிறந்தது, பிறகு ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போட மட்டும் அனுமதி கிடைத்தது. பாட்டை விற்கலாம், சிரிப்பை விற்கலாம், செய்தி மட்டும் சர்க்காருடையது. சந்தையும் சர்க்காரும் எதிரிகள் என்று நினைக்கிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

என் வாதத்துக்கு எதிராக எனக்கே ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். அமெரிக்காவில் 1967இல் சட்டம் போட்டுப் பொது ஒலிபரப்புக்கு ஒரு கார்ப்பரேஷன் அமைத்தார்கள். ஆளும் கட்சி மிரட்டக் கூடாது என்பதற்காக இரண்டு வருஷம் முன்கூட்டியே பணத்தை ஒதுக்கினார்கள். நான் கேட்கிற சுவர்தான். 2025 ஜூலையில் காங்கிரஸ் ஓட்டுப் போட்டு, ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கார்ப்பரேஷன் கடையைக் கட்டியது. சுவர் எழுப்பினால் இடிக்க மாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அதை இடிக்க ஊரறியச் சபையில் ஓட்டெடுக்க வேண்டியிருந்தது, கத்த வேண்டியிருந்தது. இங்கே ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

2023இல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று சொல்லக் கூடாது, ஆகாசவாணி என்றே சொல்லவேண்டும் என்று உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் கண்டனங்கள் எழுந்தன. பெயர் அற்ப விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்டனங்களில் ஒன்றிலாவது 17ஆவது பிரிவையும் 23ஆவது பிரிவையும் பற்றி ஒரு வாக்கியம் இருந்ததா? நான் படித்தவரையில் இல்லை. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சண்டை போடுகிறோம். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்குப் பொருட்டில்லை.

பணம் கொடுக்கவேண்டும். பத்து வருஷத்துக்கு ஒரு முறை, பாராளுமன்றம் நிர்ணயித்து, மந்திரியின் கை படாமல் கொடுக்கவேண்டும். 23ஆவது பிரிவை எடுக்கவேண்டும். தனியாரும் சொந்தமாகச் செய்தி சொல்லட்டும், யாருடையதை நம்புவது என்று கேட்கிறவன் தீர்மானிப்பான். இவற்றில் எதுவும் என் கண்டுபிடிப்பல்ல. பாதிக்கு மேல் வர்கீஸ் குழுவின் அறிக்கை தொட்ட விஷயங்கள்தான். நண்பர் அதைப் படித்துவிட்டு வரட்டும். மூடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.