பெங்களூரில் தொடங்கிய தமிழ்ப் பாடம்



பெங்களூருத் தமிழ்ச் சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அடிக்கடி காணக்கூடிய ஒரு காட்சி உண்டு. சொந்த ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியம்மாள் பேரப்பிள்ளையை அருகில் அமர்த்தி, தமது வேதாகமத்தைத் திறந்து, "ஒரு வசனம் வாசி, கண்ணு" என்று கேட்கிறார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. "அவனுக்குத் தமிழ் பேச வரும் அத்தை, வாசிக்க வராது" என்கிறாள் தாய். பாட்டியம்மாள் ஒன்றும் சொல்லாமல் வேதாகமத்தை மூடி, பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

அந்த மௌனத்தை மனதில் வைத்துக்கொண்டு, இதே நகரத்தில் ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்கு முன் தமிழ் எழுத்துகளோடு போராடிய ஓர் அந்நியப் பெண்ணின் வாழ்க்கையை இம்மாதம் தியானிப்போம். அவர்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

மாணவியாக வந்தவர்

ஏமி அம்மையார் 1867 டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள மில்லிஸ்ல் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அவருடைய குடும்பத்தார் மாவு ஆலை நடத்தி வந்தனர். 1885இல் தந்தை மரித்தார். இளவயதிலேயே அவர் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களைக் கூட்டிப் போதித்தார். தொப்பி வாங்கப் பணமின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்த அப்பெண்களே அவருடைய முதல் வகுப்பு.

1893இல் ஜப்பானுக்குச் சென்றார். சுகவீனத்தால் அங்கே நீடித்து இருக்க முடியவில்லை. பின்பு ஜெனானா மிஷன் சங்கத்தின் ஊழியராக 1895 நவம்பரில் இந்தியாவுக்கு வந்து, பெங்களூரை அடைந்தார். வந்தவுடன் டெங்கு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது.

அக்காலத்துப் பெங்களூர்க் கண்டோன்மென்டில் தமிழ் மக்கள் பெருந்திரளாக வாழ்ந்தனர். 1809இல் ராணுவத்திற்காக அமைக்கப்பட்ட அப்பகுதிக்குச் சிப்பாய்களாகவும் வியாபாரிகளாகவும் வேலையாட்களாகவும் வந்த நம் முன்னோர் அவர்கள். ஆகவேதான் மைசூர் ராஜ்யத்தின் நடுவிலிருந்த இந்நகரத்தில், அயர்லாந்துப் பெண் ஒருவர் தமிழ் கற்க நேர்ந்தது.

தமிழ் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. ஐரோப்பியர் நடுவே வசித்துக்கொண்டு தமிழரின் இருதயத்தை அறிய இயலாது என்பதையும் அவர் விரைவில் கண்டுகொண்டார். திருநெல்வேலியில் ஊழியம் செய்துவந்தவரும் தமிழில் நல்ல புலமை பெற்றவருமான தாமஸ் வாக்கர் ஐயர், அவருக்குத் தமிழ் கற்பிக்க முன்வந்தார். 1896 டிசம்பரில் ஏமி அம்மையார் பெங்களூரை விட்டுத் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார்.

வேலை தேடி நாம் எந்த வழியாக இந்நகரத்திற்கு வந்தோமோ, அதே வழியாக அவர் எதிர்த்திசையில் சென்றார்.

ஆசிரியையாக நிலைத்தவர்

ஸ்ரீவைகுண்டத்திற்கு அருகிலுள்ள பண்ணைவிளையில் வாக்கர் ஐயர் குடும்பத்தோடு தங்கி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார். புடவையே அவருடைய உடையாயிற்று. அந்தக் குழுவில் முதன்மையானவர் பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. மக்கள் என்ன நினைக்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை ஏமி அம்மையார் அறிந்துகொண்டது இத்தகைய பெண்களின் துணையால்தான்.

1901 மார்ச் மாதத்தில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோயில் பெண்களின் வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். சிறு பெண்களுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அச்சிறுமி தமிழில் சொன்னதை ஏமி அம்மையார் தமிழிலேயே கேட்டார். பெங்களூரில் காய்ச்சலோடு தொடங்கிய பாடத்தின் பலன் அன்று தெரிந்தது. ஒரு குழந்தை தன் பயத்தைச் சொல்வதற்கு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கவில்லை.

அவ்வாண்டிலேயே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் களக்காட்டிற்கு அருகிலுள்ள டோனாவூர் என்னும் சிற்றூர் அவருடைய வீடாயிற்று. அவருடைய பராமரிப்பில் 1904இல் 17 பிள்ளைகள் இருந்தனர். 1913இல் 130 பேர் ஆயினர். 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். எழுத்தும் கணக்கும் வேதமும் மட்டுமல்ல, செடிகளையும் பறவைகளையும் நேசிக்கவும், உண்மை பேசவும், ஒருவருக்கொருவர் பணிவிடை செய்யவும் அவர்கள் கற்பிக்கப்பட்டனர். பிள்ளைகள் அவரை "அம்மா" என்றே அழைத்தார்கள்.

துக்கங்களும் வந்தன. 1912இல் வாக்கர் ஐயர் மரித்தார். 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயால் மரித்தார். 1931 அக்டோபரில் ஏமி அம்மையார் ஒரு குழியில் தவறி விழுந்து பலத்த காயமடைந்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தம் அறையிலேயே கழித்தார். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். 1951 ஜனவரி 18ஆம் நாள், 83ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இந்தியாவுக்கு வந்தபின் 55 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை.

பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்க முன்னின்று போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. சட்டமன்றத்தில் ஒருவர் போராடினார். குக்கிராமத்தில் ஒருவர் பிள்ளைகளைத் தாங்கினார். இரண்டு பணிகளும் தேவையாயிருந்தன.

தம் கல்லறையில் பெயர்க்கல் வைக்க வேண்டாம் என்பது ஏமி அம்மையாரின் விருப்பம். ஆகவே பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்று அங்கே வைக்கப்பட்டது. அதில் தாயைக் குறிக்கும் ஒரு சொல் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. அந்நிய தேசத்தில் பிறந்தவருக்கு ஒரு தமிழ்ச் சொல் நினைவுச் சின்னமாயிற்று.

நமக்குரிய பாடம்

அன்பானவர்களே, ஏமி அம்மையார் ஆசிரியையாவதற்கு முன் மாணவியானார். ஒரு ஜனத்தை நேசிக்கிறோம் என்பவர்கள் முதலில் அந்த ஜனத்தின் மொழிக்கு முன்பாகத் தாழ்மையோடு உட்கார வேண்டும். நாமும் குடியேறி வந்தவர்களே. இருபது ஆண்டுகள் இந்நகரத்தின் தண்ணீரைக் குடித்தும், அடுத்த வீட்டுக் கன்னடத் தாயாரோடு நாலு வார்த்தை பேசத் தெரியாமல் இருப்போமானால், அது நேசமாகுமா? சிந்திப்போம்.

பிள்ளைகளின் காரியமும் அப்படியே. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கட்டும். அது அவர்களுக்கு நன்மையே. ஆனால் தமிழ் எழுத்துகளைக் கற்பிக்கும் பொறுப்பைப் பள்ளி ஏற்காவிட்டால், அது வீட்டின் பொறுப்பாகிறது. குடும்ப ஜெபத்திற்கு முன் பத்து நிமிடம், ஒரு நாளுக்கு ஒரு வசனம் போதும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பாட்டியம்மாளின் அருகில் அமர்ந்து பிள்ளையே வேதாகமத்தைத் திறக்கட்டும்.

கடல் கடந்து வந்தவர் நம் மொழியைக் கற்க ஓர் ஆயுளைக் கொடுத்தார். நம் பிள்ளைகளுக்காக நாம் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுப்போமாக. அதற்கான மனதையும் பொறுமையையும் கர்த்தர்தாமே நம் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தந்தருள்வாராக. ஆமென்.