ஒரு நாள் திறக்கும் கதவு

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். 1928-இல் இதே நாளில்தான் திருச்சியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிச் சங்கத்தின் கட்டடத்தில் அமர்ந்து, பொருள்களில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் மாறுவதைக் கண்டறிந்தார். 1930-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1986-இல் மத்திய அரசு அறிவிக்க, 1987 முதல் இந்நாள் நாடெங்கும் கொண்டாடப்பட்டு வருகிறது. மற்ற நாட்களில் இரும்பு வாயிலும் காவலாளியுமாக நிற்கும் சர்க்கார் ஆராய்ச்சிக் கூடங்களில் பல, இந்நாளை ஒட்டிப் பொதுமக்களை உள்ளே அழைக்கின்றன. கருவிகளைக் காட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி அனுப்புகின்றன.

நல்ல காரியம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். மக்கள் வரிப்பணத்தில் எழுந்த கட்டடத்துக்குள் மக்கள் கால் வைப்பதைக் குறை சொல்ல இத்தலையங்கம் எழுதப்படவில்லை. நம் கேள்வி வேறு. தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் கோவண்டியிலும் சீத்தா கேம்ப்பிலும் வாழும் நம் குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் இதுவரை அந்த வாயிலைத் தாண்டியிருக்கிறோம்? உறுப்பினர்கள் தங்கள் சந்தில் ஐந்து வீடுகளில் கேட்டுப் பார்க்கட்டும். அப்படி ஒரு நாள் இருக்கிறது என்பதே தெரியாது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

நம் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ராமன் தமிழர் என்று மேடையில் மார்தட்டுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம். பொன்னாடை வாங்கிய பிரமுகர் ஒரு மணி நேரம் பேசுகிறார். பிள்ளைகள் பூந்தியும் காராசேவும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்த ராமன் எப்படி ராமன் ஆனார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொன்னால், கதையே ஒரு கதவைப் பற்றியது என்பது விளங்கும்.

1907-இல் பதினெட்டு வயதில் ராமன் கல்கத்தாவுக்குப் போனது விஞ்ஞானியாக அல்ல. நிதித்துறைப் பரீட்சையில் தேறி, உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் உத்தியோகத்துக்குப் போனார். வேற்று மொழி பேசும் ஊருக்குப் பிழைக்கப் போன தமிழர். சம்பளம் பெரிது என்பதுதான் நமக்கும் அவருக்கும் வித்தியாசம். ஒரு நாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அஷுதோஷ் தே என்ற ஊழியர் வந்து திறந்தார். அங்கே கருவிகள் இருந்தன, இடமும் இருந்தது. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. அன்று தொடங்கி, கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம், ஆபீசுக்குப் போகும் முன்னும் ஆபீஸ் விட்ட பின்னும் அந்தக் கட்டடமே அவருக்கு வீடு. 1917-இல் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒளிச் சிதறல் ஆராய்ச்சியில் உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் தென்பாண்டிச் சீமையின் வத்திராயிருப்பிலிருந்து அங்கே போனவர்தான்.

அந்தச் சங்கத்தை 1876-இல் நிறுவியவர் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர். வெள்ளைக்காரன் கஜானாவை நம்பாமல், நாட்டு மக்களிடம் நன்கொடை திரட்டி எழுப்பினார். வேலை நேரம் முடிந்த பிறகு வந்த ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரை, 'நீ யார், யார் சிபாரிசு?' என்று வாசலில் நிறுத்தி விரட்டாத இடமாக அது இருந்தது. அது ஒரு நாள் திருவிழாவுக்காகத் திறந்த கதவல்ல. மாலை ஆறு மணிக்கும் திறந்த கதவு. ராமன் பெயரால் கொண்டாடும் நாளில் இதை நினைவுபடுத்துவது பொருத்தம் என்று கருதுகிறோம்.

இம்மாநிலத்திலேயே இந்நாளை முறையாகக் கொண்டாடும் இடம் ஒன்று இருக்கிறது. புனா ஜில்லா நாராயண்காவ் பக்கத்தில் கோடாட் என்ற கிராமம். ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 வானொலித் தொலைநோக்கிகள் அந்த வட்டாரத்து வயல்வெளிகளில் பரந்து நிற்கின்றன. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் என்ற பெரியவர் முன்நின்று கட்டியவை. (இதே மனிதர்தான் 1960-களில் நம் ரயில்வேத் தமிழர் நிறைந்த கல்யாணில் சிறிய தொலைநோக்கி வரிசை ஒன்றை வைத்துத் தொடங்கி, பிறகு நம் உதகமண்டலத்து மலைச் சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை 1970-இல் எழுப்பியவர். கல்யாண்வாசிகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?) அறிவியல் தினம் வந்தால் கோடாட்டின் கதவு திறக்கிறது. வெங்காயமும் தக்காளியும் விளைவிக்கும் குடியானவர்கள், தலைப்பாகை கட்டிய கிழவர்கள், நவ்வாரிச் சேலை கட்டிய பாட்டிமார், நூற்றுக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் என்று கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். விஞ்ஞானிகள் மராத்தியிலேயே விளக்குகிறார்கள். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த மாதிரிகளைக் கொண்டுவந்து கண்காட்சியில் வைக்கிறார்கள். பார்க்க வந்தவன் காட்டவும் செய்கிறான்! கொண்டாட்டம் என்றால் இதுதான். ஊரார் நிலத்தில் நிறுவனம் நிற்கிறது. நிறுவனத்துக்குள் ஊரார் வந்து நிற்கிறார்கள்.

இனி டிராம்பேக்கு வருவோம்.

மான்கூர்டில் இறங்கி டிராம்பே போகும் சாலையில் போனால் சீத்தா கேம்ப். கணிசமான தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம். சதுப்பு நிலத்தில் எழுந்த இந்தக் குடியிருப்பு எப்படி வந்தது என்பதை இளைய தலைமுறை அறிய வேண்டும். அணுசக்தி நிறுவனம் 1954-இல் டிராம்பேயில் அமைந்தது. விமான விபத்தில் மறைந்த ஹோமி பாபாவின் பெயரை 1967-இல் ஏற்றது. அதன் ஓரத்தில் ஜனதா காலனி இருந்தது. நகரின் வேறு பகுதிகளிலிருந்து மாநகராட்சியே கொண்டுவந்து குடியமர்த்திய ஏழைகளின் காலனி அது. அந்த நிலம் அணுசக்தி நிறுவனத்துக்கு வேண்டும் என்றார்கள். ரகசிய ஆய்வுக்கு அல்ல, ஊழியர்களின் குடியிருப்பு வசதிகளுக்கு! கோர்ட்டுக்குப் போனார்கள், டெல்லிக்குப் போனார்கள். கடைசியில் நெருக்கடி நிலை காலத்தில், 1976 மே மாதம், போலீஸ் படை நிற்க, ஜனதா காலனி தரைமட்டமாக்கப்பட்டது. ஏறக்குறைய 70,000 பேர் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய் இறக்கப்பட்டனர்.

அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1963-இல் பம்பாய் வந்து ஜனதா காலனியில் ஒண்டியவர். பிற்காலத்தில் உலகெங்கும் குடிசைவாசிகளின் தலைவராக அறியப்பட்டு, 2000-இல் மகசேசே விருது பெற்று, 2018-இல் மறைந்தார். அவர் தொடக்க காலத்தில் செய்த காரியம் ஒன்று நம் கட்டுரைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஜனதா காலனியில் மாநகராட்சி குப்பை அள்ளவில்லை. மனு கொடுத்தும் பயனில்லை. பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்கொரு காகிதப் பொட்டலத்தில் குப்பையைக் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடி ஊர்வலமாகப் போய், மாநகராட்சி ஆபீஸ் வாசலில் வைத்தார்கள். அன்றைக்கு அதிகாரிகள் தாமாகவே வெளியே வந்தார்கள். அழைப்பிதழும் வேண்டியிருக்கவில்லை, கொண்டாட்ட நாளும் வேண்டியிருக்கவில்லை.

அணுசக்தித் துறையின் ரகசியங்களை யாரும் கேட்கவில்லை. உலை இருக்கும் இடத்தில் காவல் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அத்துறையின் கீழேயே, சீத்தா கேம்ப்பிலிருந்து அதிக தூரமில்லாத மான்கூர்டில், ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஆராய்வதற்கென்றே 1974-இல் ஏற்பட்டது. பிப்ரவரி 28-ஐ ஒட்டிப் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் கதவு திறந்த ஆண்டுகள் அதற்கு உண்டு. அந்தத் துறைக்காக வீடு இழந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அந்த வாயிலில் முதல் வரிசையில் நிற்க வேண்டாமா? மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அங்கே தமிழில் விளக்க ஒருவர் இருக்க வேண்டாமா? டாடா நிறுவனத்திலும் அணுசக்தி மையத்திலும் பணியாற்றும் தமிழ் விஞ்ஞானிகளுக்கா இந்நகரில் பஞ்சம்! அவர்களில் பலர் கச்சேரி சீசனில் மாட்டுங்காவுக்கு வருகிறவர்கள். ஒரு நாள் மான்கூர்டுக்கும் வரட்டும்.

மற்றக் கதவுகளும் இருக்கின்றன. 1971-இல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவாக டிசம்பர் 4 கடற்படை தினம். அதையொட்டி மும்பையில் போர்க்கப்பல்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டை முன்னிட்டு 2022 ஆகஸ்ட் 5 முதல் 15 வரை தொல்லியல் துறையின் புராதனச் சின்னங்கள் எல்லாவற்றுக்கும் நுழைவு இலவசம் என்றார்கள். எலிபெண்டா குகைக்கும் இலவசம். படகுக்குக் காசு! நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நுழைவுச் சீட்டா பாரம், படகுச் சீட்டா பாரம்? 2021 ஜனவரியில் மாநகராட்சித் தலைமைக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு வந்தது, அதற்குக் கட்டணம். அந்தக் கட்டடத்தின் நடைக்கூடத்தைத் தினமும் பெருக்கித் துடைக்கும் நம் சகோதரிகள் கட்டணமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

டிக்கட் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். வண்டியில் இடம் இருக்கிறது என்பது போதாது. இடம் இருப்பது யாருக்கு முன்கூட்டித் தெரிந்தது என்பதே கேள்வி. திறப்பு நாள் அறிவிப்பு இங்கிலீஷில், கம்ப்யூட்டரில் வருகிறது. பெயர் பதிவும் அதில்தான். பத்து நாளில் இடம் நிரம்பிவிடுகிறது. நிரப்பியவர்கள் யார்? தகப்பனுக்கு ஏற்கெனவே அந்தக் கட்டடத்தில் ஒருவரையாவது தெரிந்திருக்கும் பிள்ளைகள். வேலை நாளில் விழா வைத்தால் நாக்காவில் நிற்கும் கூலிக்காரனுக்கு ஒரு நாள் கூலி போகிறது. வீட்டு வேலை செய்யும் தாய்க்கு எஜமானியின் முகம் கோணுகிறது. காவலாளி அடையாள அட்டை கேட்டால், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நம் ஆள் பின்வாங்கிவிடுகிறான். ரேஷன் ஆபீசில் பட்டது அவன் நினைவில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திறப்பு நாளில் நமக்குக் காட்டுவது, அவர்கள் காட்ட விரும்புவது. நாம் காண வேண்டியதைக் காட்டும் சட்டமும் ஒன்று இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், காகிதத்தின் நகலைக் கேட்கும் உரிமையோடு நிற்கவில்லை. பொது அலுவலகத்தின் பதிவேடுகளையும் நடக்கும் வேலைகளையும் நேரில் போய்ப் பார்வையிடும் உரிமையையும் தந்திருக்கிறது. மனுக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். மகாராஷ்டிர அரசு 2018 நவம்பரில் இன்னும் ஒரு படி போய், மாவட்ட அளவிலான அலுவலகங்களிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும் திங்கட்கிழமைதோறும் பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை பொதுமக்கள் கோப்புகளைப் பார்வையிடலாம் என்று ஆணையிட்டது. வாராவாரம் திறக்கும் கதவு! அதற்கு மேளமில்லை, தோரணமில்லை. ஆகவே தெரிந்தவரும் இல்லை.

நம் சந்துக்குச் சாக்கடை கட்டியதாகக் கணக்கில் எத்தனை மீட்டர் எழுதியிருக்கிறது? தமிழ்வழிப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடம் காலி? தண்ணீர்க் குழாய் எந்த ஆண்டு அனுமதியாயிற்று? இவை வார்டு ஆபீஸ் கோப்பில் இருக்கின்றன. தாராவியிலோ விஷயம் இதைவிடப் பெரிது. 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன் குடியிருந்ததற்கு அத்தாட்சி உள்ளவனுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்ற நிலையில், தகுதிப் பட்டியலில் நம் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்த அத்தாட்சியை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்பதைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் இருப்பது தற்கொலைக்குச் சமம். ஜனதா காலனிக்காரர்களிடம் இப்படி ஒரு சட்டம் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

எனவே சங்கத்தின் செயற்குழு இரண்டு காரியங்களை மேற்கொள்கிறது. ஒன்று, அறிவியல் தினத்துக்குக் கதவு திறக்கும் நிறுவனங்களுக்கு இப்போதே கடிதம் போகிறது: அறிவிப்பைத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள், குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பதிவில்லாமல் ஒரு பங்கு இடம் ஒதுக்குங்கள், ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வேளை திறந்து வையுங்கள். பதில் என்ன வந்தாலும் இதே பக்கத்தில் வெளியிடுவோம். இரண்டாவது, திங்கட்கிழமை முறை. ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவர்களும், ஓய்வு பெற்ற ரயில்வே, மில், துறைமுகத் தொழிலாளர்களும் முன்வந்து பெயர் கொடுத்தால், வாரம் இருவர் வீதம் வார்டு ஆபீசுக்குப் போகலாம். மராத்தி வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் கூடவே போவது அவசியம். கோப்புகள் மராத்தியில்தான் இருக்கும்.

பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பள்ளி ஆகிய விவரங்களை ஜனவரி முடிவதற்குள் கிளைச் செயலாளரிடம் சேர்த்துவிட வேண்டும். மான்கூர்டுக்குப் போகும் பிள்ளைகளின் ரயில் கட்டணத்தைச் சங்கமே ஏற்கும். மதியச் சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்தனுப்பினால் போதும். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் தாய்மார்கள் தாங்களும் கூட வரலாம். அவர்கள் பெயரையும் அதே தாளில் எழுதிக் கொடுக்கவும்.