ஆடுகிறவன் இரப்பவன் அல்லன்!

தெருவோரத்தில் நின்று ஒருவன் பாடுகிறான். கூட்டம் கூடுகிறது. பாட்டு முடிந்ததும் துண்டை விரிக்கிறான், சில்லறை விழுகிறது. அவன் கலைஞனா, பிச்சைக்காரனா?

கேள்வி எனதன்று, சட்டத்தின் கேள்வி. கேட்டதோடு நில்லாமல் விடையும் கூறிற்று அந்தச் சட்டம். 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பொது இடத்தில் காசு பெற்றால் பிச்சை. பாடுவதும் ஆடுவதும் வித்தை காட்டுவதும் அந்தப் பிச்சைக்குப் போடுகிற பாசாங்கு என்று வரையறுத்து வைத்தார்கள். பிடியாணை இன்றியே பிடிக்கலாம். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அடைத்தும் வைக்கலாம். தலைநகர் தில்லியிலும் அது கோலோச்சிற்று. 2018 ஆகஸ்டு 8 அன்று, தில்லி உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அந்நகரில் செல்லா என்று தீர்ப்பளித்த பிறகுதான் அங்கே தெருப்பாடகன் தலைநிமிர முடிந்தது.

சட்டம் தில்லியில் வீழ்ந்தது. அந்தச் சட்டத்தைப் பெற்றெடுத்த பார்வை வீழ்ந்ததா? நம் சென்னைக்கு வாருங்கள். ஒரு சிறு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். இடம்: பூங்காவின் வாயில். பாத்திரங்கள்: பறை ஏந்திய கலைஞன் ஒருவன், அதிகாரி ஒருவர்.

"என்ன கூட்டம் இங்கே? யார் அனுமதி கொடுத்தது?"

"கூட்டம் தானாகக் கூடியது, ஐயா. பறை ஒலித்தது; வந்தார்கள்."

"கலைந்து போ! போக்குவரத்துக்கு இடைஞ்சல்."

"அதோ, அந்த மண்டபத்தின் வாயிலில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றனவே, ஐயா?"

"அது கச்சேரி. சீட்டு வாங்கியவர்கள் கேட்கிறார்கள்."

"இங்கே சீட்டு வாங்க இயலாதவர்கள் கேட்கிறார்கள். குற்றம் அதுதானா?"

திரை விழட்டும். அதிகாரி என்ன விடை சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

'இலவசமாகக் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும்' என்று மூக்கைச் சுளிக்கும் மேதைகள் உண்டு. அவர்களைச் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணப்பத் தம்பிரான் வளர்த்த தெருக்கூத்து அந்த மண்ணினுடையது. இரவு தொடங்கும் கூத்து விடியலில்தான் முடியும். நுழைவாயில் இல்லை, சீட்டுக் கிழிப்பவன் இல்லை, முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை என்ற பேதம் இல்லை. அப்படியானால் கூத்தன் பட்டினி கிடந்து ஆடினானா? கிடையாது! வட தமிழகத்துச் சிற்றூர்களில் ஊர் கூடித் தலைக்கட்டு வரி போடும். தாம்பூலம் கொடுத்துக் குழுவை அழைக்கும். பேசிய கூலியைக் கையில் வைக்கும். பார்ப்பவனுக்கு இலவசம், படைப்பவனுக்கு ஊதியம்! இடையே நின்று கணக்குத் தீர்த்தது ஊர்.

ஊரைப் போற்றும்போதே ஊரின் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். கூத்தனுக்குத் தாம்பூலம் வைத்த அதே ஊர்தான், பறையடிப்பவனைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தி, 'அடிப்பது உன் கடமை' என்று அதட்டி, அள்ளிப் போட்டதை வாங்கிக்கொண்டு சேரிக்குப் போ என்று விரட்டியது. அவன் கலைக்கு விலை பேசும் உரிமைகூட அவனுக்கு இல்லை. ஆகவே நாம் வேண்டுவது பழைய ஊர் அன்று. கூலியை ஒழுங்காகக் கொடுக்கிற ஊர் வேண்டும். சாதியைக் கேட்காத ஊர் வேண்டும். நகரத்தில் அந்த ஊர் யார்? மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மாநகராட்சியும் அரசும்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் அரசு என்பது தெருக்கலையை எப்படிப் பார்த்து வந்திருக்கிறது? அச்சத்தோடு! நீலச்சாயத் தோட்டத்து வெள்ளையரின் வெறியாட்டத்தை 'நீல் தர்ப்பண்' என்ற வங்க நாடகம் மேடையேற்றிற்று. மேடை இப்படி வாய் திறக்கக் கண்ட வெள்ளை அரசு, 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையன் போனான், வெள்ளையன் சட்டம் போகவில்லை. 1954-இல், நடிகவேள் எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் புயல் கிளப்பிக்கொண்டிருந்த வேளையில், சென்னை மாநிலமே தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டது. நாடகப் பிரதியைக் காவல்துறையின் மேசைமேல் வைத்துக் கைகட்டி நிற்கும் நிலை நாடகக்காரனுக்கு! நாடகாசிரியர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முதன்மைப் பிரிவுகளை வீழ்த்திற்று. 1876-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டதோ 2018-இல்!

இரண்டும் போயின. எனினும் 1888-ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம் இன்றும் இருக்கிறது. பொது இடத்தில் கூட்டம் கூடுவதைக் கட்டுப்படுத்தும் 41-ஆம் பிரிவு அதில் இருக்கிறது. தெருமுனையில் நாடகம் போட நினைக்கும் இளைஞன், கலை பண்பாட்டுத் துறையின் கதவைத் தட்டுவதற்கு முன் காவல் நிலையத்தின் கதவைத் தட்ட வேண்டியவனாகிறான். கலைக்கு வழி காவல் நிலையத்தின் வழியா?

சட்டம் தடுக்காத இடத்தில் தடி தடுத்த கதையும் உண்டு. 1989 சனவரி 1. தில்லியை அடுத்த சாகிபாபாத்தில், ஜண்டாபூர் என்னும் தொழிலாளர் பகுதி. ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழு 'ஹல்லா போல்' நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தது. மேடை இல்லை, திரை இல்லை, சீட்டு இல்லை. பாய்ந்தது குண்டர் கூட்டம். தொழிலாளி ராம் பகதூர் கொல்லப்பட்டார். தலையில் படுகாயமுற்ற சப்தர் ஹஷ்மி மறுநாள் மறைந்தார். வயது 34. சனவரி 4 அன்று, அவர்தம் துணைவியார் மலயஸ்ரீ, குழுவினரோடு அதே இடத்துக்குத் திரும்பினார். பாதியில் நின்ற அதே நாடகத்தை நடத்தி முடித்தார். ஓசியில் காட்டும் வேடிக்கைக்காக உயிரை யாரும் பறிப்பதில்லை, தோழர்களே! சீட்டு வாங்காதவன் சிந்திக்கத் தொடங்குகிறான் என்ற அச்சம்தான் தடியைத் தூக்க வைத்தது.

நம் தலைநகரத்தில் நல்ல முயற்சிகள் நடக்கவில்லையா? நடந்தன. 2007-இல் கழக ஆட்சிக் காலத்தில் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமத்துக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் அழைத்து வந்தது. கரகமும் ஒயிலும் தப்பும், நடைப்பயிற்சிக்கு வந்தவரைக்கூட நிற்க வைத்தன. 2011-இல் ஆட்சி மாறிற்று; சங்கமம் நின்றது. 2023-இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல், மீனவர் குடியிருப்பின் நடுவே, பாடகர் டி.எம். கிருஷ்ணா முதலானோர் முயற்சியால், சபாக்களுக்குள் அடைபட்டிருந்த பரதமும் கருநாடக இசையும் வந்து இறங்கின. பறையோடு ஒரே விழாவில் நின்றன. ஆனால் மெரினா மணலில் மக்கள் மேடையாக விளங்கிய சீரணி அரங்கம் என்னவாயிற்று? 2003-இல் இடித்துத் தள்ளப்பட்டது.

இவற்றிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆட்சியின் அன்பை மட்டும் நம்பிய கலை, ஆட்சி மாறும்போது அனாதையாகிறது. பொங்கலையொட்டிச் சில நாட்கள் ஆடிவிட்டு, எஞ்சிய நாட்களில் கலைஞன் என்ன உண்பான்? விழா வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் விழா என்பது விருந்து. உரிமை என்பது அன்றாட உணவு. விருந்தைக் காட்டி உணவை மறக்கச் செய்தல் ஆகாது.

'தெருவெல்லாம் பறை முழங்கினால் நோயாளி உறங்குவது எப்படி, மாணவன் படிப்பது எப்படி?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நேரம் குறியுங்கள், இடம் குறியுங்கள், மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் எட்டத்தில் குறியுங்கள். ஒழுங்குபடுத்துவதை எவரும் எதிர்க்கவில்லை. ஒழுங்கின் பெயரால் ஒழித்துக்கட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

இனி, நம்மைப் பார்த்தே ஒரு சொல். நம் கூட்டங்களில் பறை முழங்குகிறது, எப்போது? தலைவர் வரும் வரையில்! கார் வந்து நின்றதும், 'நிறுத்து, நிறுத்து' என்று கையசைக்கிறோம். கூட்டத்தைக் கட்டி வைக்கும் கயிறா அந்தக் கலைஞன்? பேசியதில் பாதியையும் ஒரு சோற்றுப் பொட்டலத்தையும் கொடுத்து அனுப்பும் கிளைகள் இல்லையென்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? அவனை ஊர் இழிவு செய்ததைக் கண்டித்து மேடையில் முழங்குகிறோம். மேடைக்குக் கீழே அதே இழிவை நாமே செய்தால், அந்த முழக்கத்துக்கு என்ன பொருள்?

1949 செப்டம்பரில் இராயபுரத்து ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் கூடி நின்ற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் கழகம் பிறந்ததே சீட்டு இல்லாத பூங்காவில்! பூங்காவில் பிறந்தவர்கள் பூங்காவின் கதவு கலைஞனுக்கு அடைபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

ஆகவே கேட்போம். மாநகராட்சிப் பூங்காக்களில் ஆண்டு முழுதும், வாரந்தோறும் கலைஞர்களுக்கு நாள் ஒதுக்க வேண்டும். அனுமதி தரும் பொறுப்பு காவல்துறையிடமிருந்து மாநகராட்சிக்கு மாற வேண்டும். கேட்டவனுக்குக் கெடுவுக்குள் விடை தர வேண்டும். ஆடியவனுக்கு அரசு வகுத்த ஊதியம் அன்றே கிடைக்க வேண்டும். இவை சட்டமாக வேண்டும்; ஆட்சி மாறினாலும் அசையாத சட்டமாக வேண்டும்.

அது வரும் வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று நம் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் பறைக் குழுவை அழைக்கும் கிளைச் செயலாளரே! பேசிய தொகையை முதலில் கொடுங்கள். அவர்கள் பெயரைத் துண்டறிக்கையில் அச்சிடுங்கள். தலைவரின் கார் வந்தாலும், ஆட்டம் முடியும் வரை தலைவர் காத்திருக்கட்டும்!