முதல் மழையை விட்டுவிடுங்கள்

ஐப்பசி பிறந்ததும் சென்னைக்காரர்கள் செய்தியில் தேடுவது இரண்டே விஷயம். பள்ளிக்கு விடுமுறையா? நுங்கம்பாக்கத்தில் எத்தனை சென்டிமீட்டர் மழை? இரண்டாவதைக் கேட்டு ‘அடேயப்பா’ என்பதோடு சரி. அதை லிட்டராக்கிப் பார்ப்பவர் அபூர்வம். கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ராத்திரி 6 செ.மீ. பெய்தால் அந்த மாடியில் மட்டும் 5,500 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. தளம் குடித்தது, காற்றில் சிதறியது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 4,400 லிட்டர் தேறும். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 செ.மீ. அளவில் இருக்கிறது. அப்படியானால் ஒரு வீட்டு மாடிக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு. அதைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, மாசி பங்குனியில் லாரிக்காரருக்குப் போன் போட்டு, “அண்ணே, இன்னிக்காவது வருவீங்களா?” என்று கெஞ்சுகிறோம்.

2003-இல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, தொண்ணூறுகளில், மழைநீர் ஆர்வலர் சேகர் ராகவன் பெசன்ட் நகர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டம் வந்த பிறகு நகரம் முழுக்கக் குழி தோண்டினார்கள், கிணறுகளில் தண்ணீர் ஏறியது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பல வீடுகளில் அந்தக் குழியைத் தோண்டியதோடு கடமை முடிந்தது. மேலே டைல்ஸ் போட்டு, டைல்ஸ் மேல் ஸ்கூட்டரை நிறுத்தி, அடியில் ஒரு குழி இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழல் ஏரியும் வெடித்துக் கிடந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். இருபத்தைந்து மாடிகளின் ஒரு வருஷத்து மழை அது.

இத்தனை மழை பெய்தும் லாரியையும் ரயிலையும் எதிர்பார்ப்பதற்கு, மழைநீர் என்றாலே பூமிக்குள் விடுவது என்று நாம் பழகிவிட்டதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பூமிக்குள் விட்டது ஊர்ப் பொது, நல்லதுதான். ஆனால் முதலில் சம்ப்புக்கு, அதாவது தரையடித் தொட்டிக்கு, விடுங்கள்; சம்ப் நிறைந்து வழிவது கிணற்றுக்கோ குழிக்கோ போகட்டும். கையில் பிடித்த தண்ணீரை மேலே ஏற்ற ஒரு சின்ன மோட்டார் போதும். அதையே மண்ணுக்குள் அனுப்பிவிட்டு, கடற்கரையோரப் பகுதிகளில் போர் போட்டு உப்பாக எடுத்து, அந்த உப்பை நீக்க ஆர்.ஓ. மிஷின் வாங்கி, அது கழித்துவிடும் தண்ணீரைப் பார்த்து வயிறெரிவது என்ன நியாயம்?

“சம்ப்புக்கா? மாடி அழுக்கெல்லாம் வந்துடுமே” என்பார்கள். வரும். அதனால்தான் தலைப்பு. காய்ந்து கிடந்த மாடியில் விழும் முதல் மழை தண்ணீரே இல்லை. புறா எச்சம், தூசி, வண்டிப் புகை, காக்கை போட்டுவிட்டுப் போன எலும்பு, போன மாசம் வடகம் காய வைத்த பழந்துணியின் நூல் எல்லாம் கலந்த கரைசல். கிராமத்தில் நாலு கம்பு நட்டு, வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, நடுவில் கழுவிய கல் ஒன்றைப் போட்டுக் கீழே அண்டா வைப்பார்கள். அவர்களும் மழை தொடங்கியவுடன் அண்டாவை வைக்கமாட்டார்கள். கொஞ்சம் பெய்து காற்றையும் வேட்டியையும் கழுவிய பிறகுதான்.

இந்த முதல் மழையை ஒதுக்குவதற்கென்று கடையில் ஓர் அமைப்பு விற்கிறார்கள். மாடியிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு ‘டீ’ இணைப்பு போட்டு, பக்கத்தில் இன்னொரு பைப்பை நிறுத்தி, அடியில் மூடி. முதல் தண்ணீர் அதில் நிறைந்த பிறகு மிச்சம் ஃபில்டருக்குப் போகும். யோசனை அருமை, அளவுதான் வேடிக்கை. நாலு அங்குல பைப் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டர் பிடிக்கும். மூன்று மீட்டர் நிறுத்தினாலும் 25 லிட்டர். மாடியைக் கழுவ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழையாவது வேண்டும், நம் ஆயிரம் சதுர அடிக்கு அது 93-லிருந்து 186 லிட்டர். இதை எங்கள் பிளம்பரிடம் கேட்டேன். “கரெக்ட்தான் சார். ஆனா பைப்பு நின்னா பார்க்க நல்லா இருக்கு, ஓனருக்கும் திருப்தி” என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார்: 200 லிட்டர் நீல டிரம். பழைய டிரம் என்றால் முன்பு அதில் கெமிக்கல் இருந்ததா என்று விசாரித்து வாங்க வேண்டும். ‘டீ’யின் கிளை மூடியிட்ட அந்த டிரம்முக்குள் போகும். உள்ளே மிதக்கும் ஒரு பந்து, டிரம் நிறைந்ததும் மேலெழுந்து வாயை அடைக்கும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் நேராக ஃபில்டருக்கு. டிரம்மின் அடிக் குழாயை நூல் போல மெல்லிசாக ஒழுகும் அளவுக்குத் திறந்துவைத்தால் மறுநாளுக்குள் காலியாகி அடுத்த மழைக்குத் தயார். அந்தத் தண்ணீர் செடிகளுக்கு ஆகும்.

ஃபில்டரைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. ஜல்லி, மணல், அடுப்புக்கரி, மேலே ஒரு வலை. இவை இலையையும் வண்டலையும் நிறுத்தும். புறா எச்சத்தில் வரும் கிருமியை நிறுத்தாது. உண்மையான ஃபில்டர் துடைப்பம்தான். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கிக் கழுவ வேண்டும், மணலை அள்ளி அலசிக் காயவைத்துப் போட வேண்டும். மாடியில் துணி துவைத்தால் சோப்புத் தண்ணீரும் அதே பைப்பில்தான் இறங்கும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். வெயிலுக்காக அடித்த வெள்ளைப் பெயின்ட் புதுசு என்றால் அந்தப் பருவத்தில் குடிக்கப் பிடிக்க வேண்டாம். உதிரும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து எப்போதும் வேண்டாம்.

குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க இந்தத் தண்ணீரை யோசிக்காமல் பயன்படுத்தலாம். சோப்பு நுரைப்பதைப் பார்த்தாலே போர் தண்ணீரோடு இத்தனை நாள் போட்ட சண்டை புரியும். துவரம் பருப்பு சீக்கிரம் குழையும், கெட்டிலில் வெள்ளைப் படலம் படியாது. குடிப்பதற்கு மட்டும் கண்டிப்பு வேண்டும். வடிகட்டி, கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குடியுங்கள். தேத்தாங்கொட்டையை இழைத்தால் தெளியும், சரி. தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தத் தண்ணீர் அல்ல. சம்ப்பில் நாள்பட வைப்பதானால் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் புது பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பின் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிடலாம். போன வருஷத்துப் பாக்கெட் வீரியம் போனது, வேண்டாம். ஆர்.ஓ. இதற்குத் தேவையே இல்லை. உப்பே இல்லாத தண்ணீரிலிருந்து அது எதை நீக்கும்?

கொசுதான் பெரிய கவலை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நம்மைப் போலவே நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதுவும் பெரும்பாலும் மூடி வழியாக வருவதில்லை. சம்ப் மூடியை எல்லோரும் இறுக்கி மூடிவிடுகிறோம்; வழிந்தோடும் பைப்பும் காற்றுக்குழாயும் திறந்தே கிடக்கின்றன. இரண்டுக்கும் மெல்லிய வலை கட்டுங்கள். பத்து ரூபாய் வேலை.

இன்னொன்று, சம்ப்பின் விளிம்பு தரைமட்டத்தைவிட உயரமாக இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் ஓடியது மழைநீர் மட்டும் அல்ல, சாக்கடையும்தான். தாழ்ந்த சம்ப்புகளில் அதுவும் இறங்கியது. அப்படி ஆகிவிட்டால் முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் போட்ட பிறகே மறுபடி நிரப்ப வேண்டும். கழுவ இறங்குபவரைத் தனியாக இறக்காதீர்கள். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, மேலே ஓர் ஆளை நிறுத்தியபிறகே இறங்கட்டும். மூடிக் கிடந்த தொட்டிக்குள் மூச்சுத் திணறிச் செத்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஃபிளாட்காரர்கள் “எட்டு வீட்டுக்கு ஒரு மாடி, என் பங்குக்கு என்ன வரும்?” என்பார்கள். ஆயிரம் சதுர அடியை எட்டாகப் பிரித்தாலும் வீட்டுக்கு வருஷம் 12,500 லிட்டருக்குக் குறையாது. ஒரு லாரி லோடு. மெயின்டனன்ஸ் பில்லில் அதற்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் டிரம் வாங்குவதை எதிர்ப்பவருக்கு அந்தப் பில்லையே காட்டலாம்.